காதலிக்க நேரமில்லை: இன்றைக்குப் பார்த்தால் எவ்வளவு தேறும்?

சிறுவாணி:

போன வாரம் அப்பாவோடு உட்கார்ந்து 'காதலிக்க நேரமில்லை' முழுசாகப் பார்த்தேன். அதற்கு முன் யூடியூப்பில் துண்டு துண்டாகப் பார்த்ததுதான். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி, 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டு, இவ்வளவுதான் தெரியும்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். வசனம் வருவதற்கு முன்னாலேயே சிரித்துவிடுகிறார், அதனால் எனக்குப் பாதி வசனம் கேட்கவே இல்லை. எனக்குப் படம் பிடிக்காமல் போகவில்லை. ஆனால் பேய்க்கதைக் காட்சியில் சிரித்த அளவுக்கு வேறெங்கும் சிரிப்பு வரவில்லை. பல இடங்களில் ஒருவர் பேசி முடித்த பிறகும் கேமரா அப்படியே நிற்கிறது, அடுத்தவர் நிதானமாகப் பேச ஆரம்பிக்கிறார். அந்த நேரத்தில் கை தானாகப் போனைத் தேடுகிறது.

கதையும் மெலிசு. வேலை போன பையன் தன்னைப் பெரிய பணக்காரர் மகன் என்று பொய் சொல்கிறான், நண்பனுக்கு வயசானவர் வேஷம் போட்டு அப்பாவாக வரவழைக்கிறான், குட்டு உடைகிறது, கல்யாணம் நடக்கிறது. இதற்கு இரண்டரை மணி நேரம்.

என் கேள்வி இதுதான். இது உண்மையிலேயே நல்ல படமா, இல்லை பாட்டும் பழைய ஞாபகமும் சேர்ந்து தூக்கி நிறுத்தியிருக்கிற படமா? 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்கிற பதிலை அப்பாவே சொல்லிவிட்டார். காரணத்தோடு யாராவது சொல்லுங்கள்.


பழையபாட்டு பித்தன்:

தமிழில் வந்த முதல் முழுநீளச் சிரிப்புப் படம், அதுவும் கலரில். 'அனுபவம் புதுமை' ஒரு பாட்டு போதுமே. விஸ்வநாதன் ராமமூர்த்தி, கண்ணதாசன், சுசீலா, பி.பி.ஸ்ரீனிவாஸ். படம் எப்படி என்று கேட்கிற கேள்வியே எனக்குப் புரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் காசு தேறிவிடும்.


கேபின்காரன்:

பித்தன், முதல் முழுநீளச் சிரிப்புப் படம் இது இல்லை. மெய்யப்ப செட்டியார் 1941லேயே 'சபாபதி' எடுத்துவிட்டார். பம்மல் சம்பந்த முதலியார் நாடகம், டி.ஆர்.ராமச்சந்திரனும் காளி என்.ரத்தினமும். அதே ராமச்சந்திரன் 1960ல் 'அடுத்த வீட்டுப் பெண்'ணிலும் சிரிக்க வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்கலாம் என்பதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கண்ணைத் திறந்து பார்க்க வேண்டிய படம்.

சிறுவாணி அம்மிணி, உங்கள் அப்பா வயசு எனக்கும் இருக்கும். ஆனால் பொற்காலப் பாட்டுப் பாட வரவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவன் நான். எழுபதுகளின் நடுவில் உதவியாளாகச் சேர்ந்து, டிஜிட்டல் வந்து எங்களை வீட்டுக்கு அனுப்புகிற வரை அந்தக் கேபின்தான். இந்தப் படம் ரிலீஸ் ஆனது 1964 பிப்ரவரியில், அப்போது நான் டவுசர் போட்ட பையன். நான் ஓட்டியதெல்லாம் தேய்ந்த பிரிண்ட். புதுப்படம் கிடைக்காத வாரம், அல்லது வந்த புதுப்படம் மூன்றாம் நாளே படுத்துவிட்ட வாரம், முதலாளி டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போன் போட்டு இந்தப் பெட்டியைத்தான் கேட்பார்.

ஆபரேட்டர் படம் பார்க்கிற விதம் வேறு. கேபின் சுவரில் இரண்டு ஓட்டை இருக்கும். ஒன்று வழியாக வெளிச்சம் போகும், இன்னொன்று வழியாக நாம் பார்க்கலாம். ஃபோகஸ் சரியாக இருக்கிறதா, திரையின் மேல்மூலையில் ரீல் மாற்றுகிற புள்ளி வந்துவிட்டதா, மெஷினுக்கு வெளிச்சம் தருகிற கார்பன் குச்சி கரைந்துவிட்டதா என்று கவனிப்பதுதான் வேலை. மெஷின் சத்தத்தில் வசனம் சரியாகக் கேட்காது. ஆனால் கீழே உட்கார்ந்திருக்கிற ஜனம் நன்றாகத் தெரியும். எல்லாம் பின்மண்டைதான். இருந்தாலும் பழகிவிட்டால் ஆள் சிரிக்கிறானா, கொட்டாவி விடுகிறானா, எழுந்து போக இடம் பார்க்கிறானா என்று பின்மண்டையே சொல்லிவிடும்.

இப்போது உங்கள் புகாருக்கு வருகிறேன். பேசி முடித்த பிறகும் கேமரா நிற்கிறது என்கிறீர்கள். ஹால் நிறைய ஆட்கள் சிரிக்கும்போது அடுத்த வசனம் உடனே வந்தால் ஒருத்தர் காதிலும் விழாது. மேடை நடிகர்கள் சிரிப்பு அடங்கும் வரை நின்று, அப்புறம் அடுத்த வரியைச் சொல்வார்கள். சினிமாவில் நடிக்கிறவருக்குச் சிரிப்பு கேட்காது. எங்கே எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று டைரக்டரும் எடிட்டரும் முன்கூட்டியே ஊகித்து வைக்க வேண்டும். இந்தப் படத்தின் டைரக்டர் ஸ்ரீதர் அந்த நேரத்தை வெறுமனே விடவில்லை, அங்கே பாலையாவின் முகத்தை வைத்தார். நாகேஷோ ரவிச்சந்திரனோ ஒன்றைச் சொன்னதும் ஹால் சிரிக்கும். சிரித்துக்கொண்டே திரையைப் பார்த்தால் பாலையா இன்னும் அதை மென்று முழுங்கிக்கொண்டிருப்பார், அதைப் பார்த்து மறுபடி சிரிப்பார்கள். நான் மேலிருந்து பார்த்தது இந்த இரட்டைச் சிரிப்பைத்தான். வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தால் முதல் சிரிப்பு சீக்கிரம் முடிந்துவிடும், அப்புறம் கேமரா காத்துக்கிடப்பது போலத் தோன்றும். உங்கள் அப்பா முன்கூட்டியே சிரித்துக் கெடுத்ததையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பேய்க்கதைக் காட்சியை இன்னொரு தடவை போட்டு, இந்தத் தடவை நாகேஷைப் பார்க்காதீர்கள். கையால் மறைத்துக்கொண்டாலும் சரி. அவர் என்ன செய்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும்: படம் எடுக்கப் பணம் கேட்கிற மகன், கதை சொல்கிறேன் என்று எல்லாச் சத்தத்தையும் வாயாலேயே எழுப்பிக் காட்டுகிறார். பாலையாவை மட்டும் பாருங்கள். ஆரம்பத்தில் இவனைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்கிற சலிப்பு. பிறகு, சரி, சொல்லட்டுமே என்று ஒரு காது கொடுக்கிறார். அந்தக் காது வழியாகப் பயம் உள்ளே போகிறது. பயம் வந்த பிறகும் எஸ்டேட் முதலாளி மிடுக்கை விட மனசில்லை. முகத்தின் ஒரு பாதி அதட்டிக்கொண்டும் மறுபாதி நடுங்கிக்கொண்டும் இருக்கிற மாதிரி ஒரு நிலை வரும், அங்கேதான் எங்கள் தியேட்டரில் விசில் பறக்கும். கதை சொல்லக் கைதேர்ந்த ஆள் எப்போதும் கிடைப்பார். இப்படிக் கதை கேட்கிற ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.

பாலையா அப்போது ஐம்பதை நெருங்கிவிட்ட மனுஷர். 1936ல் 'சதிலீலாவதி'யில் வில்லன், அதற்கப்புறமும் எத்தனையோ படத்தில் கதாநாயகர்களை மிரட்டியே காலம் தள்ளியவர். அவரை ஒரு ஒல்லிப் பையன் நாற்காலியில் உட்கார வைத்து மிரட்டுகிறான். பழைய ரசிகர்களுக்கு அதுவே பாதிச் சிரிப்பு. இன்று பார்க்கிற பிள்ளைகளுக்கு அது கிடைக்காது, அது உங்கள் தப்பில்லை. இன்னொரு சுவாரசியம்: இந்தப் படத்துக்குக் கேமரா பிடித்த வின்சென்ட் அதே 1964ல் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' டைரக்ட் செய்தார். அது நிஜமாகவே பேய்ப்படம்.

அடுத்து, கதை மெலிசு என்றீர்கள். மெலிசுதான், ஆனால் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். இதில் வருகிற எல்லோருக்கும் தேவை பாலையா நடிக்கிற எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் என்கிற அந்த ஒரு ஆளிடம்தான். அசோக்குக்கு (ரவிச்சந்திரன்) முதலில் அவரிடம் வேலை வேண்டும், அப்புறம் பெண் வேண்டும். அவன் நண்பன் வாசுவுக்கு (முத்துராமன்) அவருடைய இன்னொரு பெண் வேண்டும். மகன் செல்லப்பாவுக்கு (நாகேஷ்) தன் சினிமா கம்பெனியான ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் நடத்தப் பணம் வேண்டும். மூன்று பேரில் உண்மையைச் சொல்லிக் கேட்கிறவன் செல்லப்பா மட்டும்தான். அப்பா, எனக்குப் படம் எடுக்க வேண்டும், பணம் கொடுங்கள் என்று நேராகக் கேட்கிறான், விரட்டப்படுகிறான். பொய் சொல்கிறவனுக்கோ சிவப்புக் கம்பளம். பணம் இல்லாத ஆளாக நின்றபோது வீட்டு வாசலுக்கு வெளியே கூடாரம் போட வைத்த அதே அசோக், கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகன் என்றதும் 'அசோகர் உங்க மகருங்களா' ஆகிவிடுகிறான். அந்த வசனத்துக்குக் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி பாலையா உடம்பே குழையும். எங்கள் தியேட்டருக்கு வால்பாறை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வருகிற தொழிலாளிகள் நிறைய. டவுனுக்காரர்கள் சிரிக்கிறதைவிட ஒரு படி அதிகமாகவே அவர்கள் அந்த இடத்தில் சிரிப்பார்கள். ஏன் என்று விளக்கத் தேவையில்லை.

ஸ்ரீதர் அதற்கு முன்னால் எடுத்தவை என்ன? 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'நெஞ்சம் மறப்பதில்லை'. கைக்குட்டை இல்லாமல் பார்க்க முடியாத வகை. 'கல்யாணப் பரிசு'வில் தங்கவேலுவும் எம்.சரோஜாவும் வருகிற எழுத்தாளர் பைரவன் காட்சிகள் பிரமாதமாக இருக்கும், ஆனால் அவற்றைத் தனியாக வெட்டி எடுத்தாலும் அழுகைக் கதைக்கு ஒரு சேதமும் வராது. அந்தக் காலத்து வழக்கம் அப்படி, சிரிப்புக்குத் தனித் தண்டவாளம். இந்தப் படத்தில் ஸ்ரீதரும் அவருடைய செங்கல்பட்டுப் பள்ளித் தோழர் கோபுவும் சேர்ந்து அந்தத் தண்டவாளத்தின் மேலேயே முழு ரயிலையும் ஓட்டிவிட்டார்கள். காதலர்களுக்கும் சிரிப்புதான் வேலை, அப்பாவுக்கும் அதுதான். வில்லன் என்று தனியாக ஒருவர் தேவைப்படவில்லை, விஸ்வநாதனின் பேராசையே கதையை நகர்த்தப் போதுமாக இருந்தது.

கலரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த வருஷம் ஜனவரியில் 'கர்ணன்' வந்தது, ஈஸ்ட்மன் கலரில் தேர், கிரீடம், போர்க்களம் என்று பிரம்மாண்டம். ஆறு வாரம் கழித்து அதே ஈஸ்ட்மன் கலரில் இது. கார், கூடாரம், பேண்ட் போட்ட பையன்கள், மெரினா கடற்கரை. கலர் என்றால் ராஜா ராணிக் கதைக்குத்தான் என்று இருந்த காலத்தில் நம் ஊர்த் தெருவையும் கலரில் காட்டினால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் நான் ஓட்டிய பிரிண்ட்களில் அந்தக் கலர் கிடையாது. பழைய ஈஸ்ட்மன் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், கடைசியில் சிவப்பு மட்டும் மிஞ்சும். ஆழியாறு அணைத் தண்ணீரையே ரோஸ் கலரில்தான் வருஷக்கணக்காக ஓட்டினேன். அப்புறம் டிவியில் சுத்தமான பிரதியைப் பார்த்தபோதுதான் பின்னால் இருக்கிற மலை பச்சையாகத் தெரிந்தது. தினமும் நேரில் பார்க்கிற மலை!

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. வாசுவின் நிஜ அப்பா கதைக்குள் வந்த பிறகு சிக்கலை இறுக்குகிற வேகம் அவிழ்க்கும்போது இல்லை. குட்டு உடைவதை நாம் எப்போதோ தயாராக எதிர்பார்த்துவிட்டோம், அவர்கள் இன்னும் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டில் சிலதும் இடம் பார்த்து வரவில்லை. 'நெஞ்சத்தை அள்ளிக் கொஞ்சம் தா' வரும்போது எங்கள் ஹாலில் யாரும் எழுந்ததில்லை. 'நாளாம் நாளாம் திருநாளாம்' ஆரம்பித்தால் பின்வரிசையில் பீடிக் கூட்டம் கிளம்பிவிடும். பாட்டு நல்ல பாட்டு. ஆனால் அந்த இடத்தில் ஜனத்துக்கு அடுத்து அப்பா எப்படி ஏமாறுவார் என்று தெரிய வேண்டும்.

பாட்டு சரியாக உட்கார்ந்த இடத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முத்துராமன் இளைஞனாகக் காஞ்சனாவோடு கடற்கரையில் பாடுகிற 'என்ன பார்வை' யேசுதாஸ் குரல். அதே முத்துராமன் வயசானவர் வேஷத்தில் பாடுகிற 'காதலிக்க நேரமில்லை' சீர்காழி கோவிந்தராஜன் குரல். வேஷம் முகத்தில் மட்டும் இல்லை, தொண்டையிலும் போட்டுவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இது எப்படித் தெரியும், பித்தன்?


முற்றத்துநிலா:

கேபின்காரன் ஐயா எழுதியது அருமை. பாலையா விஷயத்தில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் அவர் ஜனத்தின் பின்மண்டையைப் பார்த்து எழுதுகிறார், நான் அந்தப் பெண்கள் பக்கம் நின்று பார்க்கிறேன்.

விஸ்வநாதனின் மகள்கள் நிர்மலாவும் (ராஜஸ்ரீ) காஞ்சனாவும் சென்னையில் படித்துவிட்டு வருகிறார்கள். படித்து என்ன செய்யப் போகிறார்கள் என்று படத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. செல்லப்பாவுக்காவது சினிமா என்று ஒரு கிறுக்கு இருக்கிறது. மகள்களுக்கு அப்படி ஒரு கிறுக்குகூட எழுதித் தரவில்லை. 'உங்க பொன்னான கைகள் புண்ணாகலாமா' என்று உதவி செய்கிற சாக்கில் கேலி செய்வதை நாம் காதலின் தொடக்கம் என்று பழகிவிட்டோம். பாட்டு இனிமையாக இருக்கிறதே தவிர, செய்கிற வேலை அதுதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. வேலை வேண்டும் என்று கூடாரம் போட்டுப் போராடுகிற ஆள், மாப்பிள்ளை ஆகிற வழி கிடைத்ததும் வேலையை மறந்துவிடுகிறான். எஸ்டேட்டில் உழைக்கிற ஜனத்துக்கோ கதையில் இடமே இல்லை. முதலாளியைக் கிண்டல் செய்கிற படம் என்று கொண்டாடுகிறோம், கடைசியில் எல்லோரும் அவர் வீட்டுக்குள்தான் போய்ச் சேருகிறார்கள்.

பெண்களில் எனக்கு நிஜமாகவே பிடித்தது சச்சுதான். 1962ல் 'வீரத்திருமகன்' படத்தில் 'ரோஜா மலரே ராஜகுமாரி' பாட்டுக்குரிய கதாநாயகி. இரண்டு வருஷத்தில் நாகேஷுக்கு ஜோடியாக மீனலோசனி. கதாநாயகி ஆக்குகிறேன் என்று செல்லப்பா சொல்வதை நம்புகிற பெண்ணை, கதாநாயகியாக ஏற்கெனவே நடித்து முடித்த ஒருவர் நடித்திருக்கிறார். கொஞ்சம் குரூரமான வேடிக்கை. ஆனால் அவர் கூச்சப்படாமல், நாகேஷின் வேகத்துக்கு ஒரு படிகூடக் குறையாமல் நிற்கிறார். மற்ற இரண்டு பெண்களும் அழகாக இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பத்துக்கு ஆறரை போடுவேன். அதில் நான்கு பாலையாவுக்கு.


மாட்டுங்காவாசி:

பம்பாயில் பிறந்து வளர்ந்தவன். நான் முதலில் பார்த்தது இந்தியில், 'ப்யார் கியே ஜா', 1966. அதையும் ஸ்ரீதரே டைரக்ட் செய்தார். கிஷோர் குமார், சசி கபூர். நாகேஷ் இடத்தில் மெஹ்மூத், பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ். பேய்க்கதைக் காட்சிக்காகவே பேசப்பட்ட படம், மெஹ்மூதுக்கு ஃபிலிம்ஃபேர் நகைச்சுவை விருதும் கிடைத்தது. இங்கே என் அலுவலக நண்பர்களிடம் இது தமிழிலிருந்து வந்தது என்றால் நம்ப மாட்டார்கள். ராஜஸ்ரீயின் முகத்தைக் காட்டி நம்ப வைப்பேன், அவர் இரண்டிலும் இருக்கிறார்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன். மெஹ்மூத் நாகேஷுக்குச் சளைத்தவர் இல்லை, சில இடத்தில் இன்னும் துள்ளல். ஆனால் ஓம் பிரகாஷ் சீக்கிரமே பயந்துவிடுகிறார். பயந்த பிறகு மேலே போக இடமில்லை, அதனால் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. பாலையா பயத்தைத் தவணையில் கட்டுகிறார். கேபின்காரன் ஐயா சொன்ன 'கேட்கிற ஆள்' விஷயம் அந்த ஒப்பீட்டில்தான் எனக்கு உறைத்தது.

மராத்தியில் 1985ல் மகேஷ் கோட்டாரே 'தூம் தடாகா' என்று எடுத்தார், அவர் டைரக்ட் செய்த முதல் படம். லக்ஷ்மிகாந்த் பேர்டே, அசோக் சராஃப். இங்கே அதுவும் பெரிய வெற்றி, இன்றைக்கும் டிவியில் போட்டால் ஆட்கள் உட்கார்ந்துவிடுவார்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட எடுத்தார்கள். 1964ல் எழுதிய ஒரு வேடிக்கை இருபது வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு பாஷையில், வேறு ஆட்களை வைத்தும் ஓடுகிறது. பாட்டும் ஞாபகமும் மட்டும் தூக்கி நிறுத்திய படமா என்று சிறுவாணி கேட்டதற்கு என் பதில் இதுதான். மராத்திக்காரருக்குக் கண்ணதாசனும் தெரியாது, நம் ஞாபகமும் கிடையாது.


கேபின்காரன்:

நிலா அம்மா, எஸ்டேட் ஜனத்துக்குக் கதையில் இடமில்லை என்றது சரியான அடி. அந்த ஜனம்தான் எங்களுக்கு டிக்கெட் வாங்கியது என்பதையும் சேர்த்து யோசிக்கும்போது இன்னும் சரி. ஆனால் அவர்கள் அந்தப் படத்தில் தங்களைத் தேடி வரவில்லை. முதலாளி முட்டாளாவதைப் பார்க்க வந்தார்கள், அது கிடைத்தது. மறுநாள் காலையில் மலை ஏறிப் போய் அதே மாதிரி ஒரு முதலாளிக்குக் கொழுந்து பறித்தார்கள். படம் அதை மாற்றும் என்று அவர்களும் நினைக்கவில்லை, ஸ்ரீதரும் நினைத்திருக்க மாட்டார்.

மகள்கள் விஷயத்தில் உங்களோடு முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. காஞ்சனா அதற்கு முன் விமானப் பணிப்பெண், ரவிச்சந்திரன் மலேசியாவிலிருந்து இங்கே படிக்க வந்தவர். இரண்டு பேருக்கும் இதுதான் முதல் படம் என்று சொன்னால் நம்ப முடிகிறதா? ஆண் கதாபாத்திரமான அசோக்குக்கும் பெரிதாக எதுவும் எழுதித் தரவில்லை. துடிப்பாக நில், சிரி, ஓடு, அவ்வளவுதான். காதல் ஜோடிகள் நான்கு பேருமே பாலையாவைச் சுற்றி ஓடுகிறவர்கள். நால்வரில் நடிப்பு என்று ஏதாவது கிடைத்தது முத்துராமனுக்கு மட்டும்தான், அதுவும் வேஷம் போட்ட பிறகு. காதலியைப் பார்த்துக்கொண்டே அவளுடைய அப்பாவிடம் கிழவராகப் பேச வேண்டிய இடங்களில் அவருடைய கண் மட்டும் இளைஞனாக இருக்கும். இதையெல்லாம் யாரும் எழுதுவதில்லை, நாகேஷ் நாகேஷ் என்றே போய்விடுகிறார்கள்.

பாட்டைப் பற்றிச் சொன்னது நியாயம். எங்கள் ஹாலில் பெண்கள் பகுதி தனியாக இருந்தது. 'பொன்னான கைகள்' வரும்போது ஆண்கள் பக்கம் தாளம் போடும், பெண்கள் பக்கம் சும்மா இருக்கும். அப்போது அது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது நீங்கள் எழுதியதைப் படித்ததும் அந்த இரண்டு பக்கமும் தனித்தனியாக ஞாபகம் வருகிறது.

ஆறரை குறைவு. எட்டு போடலாம்.

மாட்டுங்காவாசி, தவணை என்றது பிரமாதம். நான் இவ்வளவு நீளமாக எழுதியதை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.


பழையபாட்டு பித்தன்:

சபாபதி விஷயம் சரி, வாபஸ். ஆனால் 'நாளாம் நாளாம்' பாட்டுக்கு எழுந்து போய் பீடி குடித்தவர்களை நான் மன்னிக்க மாட்டேன்.


சிறுவாணி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பேய்க்கதைக் காட்சியை நாகேஷைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். அப்பா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துவிட்டார். பாலையா விஷயம் உண்மைதான், அந்த மிடுக்கும் பயமும் ஒரே முகத்தில் இருப்பது முதல் தடவை எனக்குத் தெரியவே இல்லை. இரண்டாம் பாதி நீளம் என்பதில் மட்டும் நான் மாறவில்லை, அதை ஐயாவும் ஒத்துக்கொண்டார். மதிப்பெண் ஏழு. நிலா அக்காவுக்கும் ஐயாவுக்கும் நடுவில்.

இரண்டு சின்னக் கேள்வி. 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' எடுத்த இடம் இன்னும் இருக்கிறதா? பாலையாவைப் பார்க்க அடுத்து எந்தப் படம்? தில்லானா மோகனாம்பாளும் திருவிளையாடலும் பார்த்தாகிவிட்டது.


கேபின்காரன்:

ஆழியாறு அணைக்கட்டுப் பக்கம் விருந்தினர் மாளிகை இருக்கிறதே, அதுதான். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை பஸ் ஏறினால் வழியிலேயே வரும். படம் எடுத்தபோது பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்ட வேலைகள் எல்லாம் புதுசு, அதனால்தான் அவ்வளவு பளிச்சென்று இருக்கும்.

அடுத்து 'பாமா விஜயம்' பாருங்கள், 1967, பாலசந்தர். கறுப்பு வெள்ளை. பாலையா, முத்துராமன், நாகேஷ், காஞ்சனா, ராஜஸ்ரீ ஐந்து பேரும் அதிலும் இருக்கிறார்கள். ஆனால் அங்கே மகன்களும் மருமகள்களும் சினிமா நடிகை வருகிறாள் என்று பகட்டுக் காட்டிக் கடனாளி ஆகிறார்கள், பாலையா ஒருவர்தான் நிதானத்தில் இருக்கிற ஆள். இரண்டையும் பார்த்துவிட்டு எந்த அப்பா பிடித்தார் என்று எழுதுங்கள். உங்கள் அப்பாவை மட்டும் அன்றைக்கு வேறு ரூமில் உட்கார வையுங்கள்.